பேட்டரியை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

இயற்கை விவசாயத்துக்கு வந்தவர்களில் பலர் இப்போது சோலாருக்கும் வந்திருக்கிறோம். விருப்பப்பட்டு வந்தவர்கள் கொஞ்சம் பேர். கம்பி வராததால் வந்தவர்களும் இருக்கிறோம். தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம்தான். ஆனால் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்களை நம் கூட்டங்களிலேயே பார்க்கலாம். கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் நிலத்துக்கும் இன்னும் கம்பி வரவில்லை. அதனால் பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர், மழைக்காலத்துக்கு ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் என்று நான்கு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஜெனரேட்டர் ஓடியும் பேட்டரி ஏறாமல் போகிறதே, அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பேட்டரி போச்சு" என்று யாராவது சொன்னால், அளந்து காட்டாதவரை அதை நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது. உரக்கடைக்காரர் சொன்னதைக் கேட்டு மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டு, பட்டுத் தெளிந்து வெளியே வந்தவர்கள் நாம். பேட்டரிக் கடையில் போய் அதே தவறைச் செய்கிறோம்.

எட்டு நாள் மூட்டம்

போன கார்த்திகையில் எட்டு நாள் தொடர்ந்து மூட்டம். எங்களிடம் இருப்பது 150 ஆம்பியர் அவர் ட்யூபுலர் பேட்டரி நான்கு. தொடராக மாட்டியதால் 48 வோல்ட். ஐந்தாம் நாள் சாயங்காலம் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. ஜெனரேட்டரை ஓட்டி, இன்வெர்ட்டரின் மெயின்ஸ் ஒயரில் கொடுத்தோம். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம், மெயின்ஸ் விளக்கு எரிந்தது. மூன்று விநாடியில் மறுபடி 'டிக்', விளக்கு அணைந்தது. மறுபடி 'டிக்', எரிந்தது. மூன்று மணி நேரம் இதே கதைதான். பெட்ரோல் தீர்ந்தது. பேட்டரி ஏறவில்லை.

கொட்டகையில் நாற்பது நாட்டுக்கோழிக் குஞ்சுகள் இரண்டு குண்டு பல்பின் சூட்டில் இருந்தன. பல்பை நேராக ஜெனரேட்டரில் மாட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாட்டியிருக்கலாம். ராத்திரி முழுக்க ஓட்டப் பெட்ரோல் இல்லை; இருந்ததை எல்லாம் ஏறாத பேட்டரிக்கே ஊற்றித் தீர்த்திருந்தோம். காலையில் ஒன்பது குஞ்சுகள் விறைத்துக் கிடந்தன. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் சாக்கில் அள்ளிக்கொண்டு போய்த் தென்னை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தார்.

சோலார் போட்டுக் கொடுத்த தம்பிக்கு போன் போட்டேன். "நாலு வருஷம் ஆச்சுங்களே சார். பேட்டரி போச்சுங்க. நாலையும் மாத்திடுங்க" என்றார். ஏறத்தாழ 60,000 ரூபாய். சரி என்று சொல்லும் நிலையில்தான் இருந்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், ஒயர்மேனாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கேட்டார்: "ஏனுங்க, மீட்டர் வச்சுப் பார்த்தாங்களா?"

"இல்லீங்கண்ணா, போன்லயே சொல்லிட்டாங்க."

"அப்புறம் எப்படிங்க போச்சுன்னு தெரியும்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன். சோலாருக்குக் கடன் கேட்டு வந்த விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விலைப்புள்ளியில் மொத்தத் தொகையைப் பார்ப்பேன், வரியைப் பார்ப்பேன். பேட்டரி எத்தனை ஆம்பியர் அவர், மழைக்காலத்தில் இது எப்படி ஏறும் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

அந்த 'டிக்' சத்தம் ஏன்?

பெரியவர் மீட்டரோடு வந்து உட்கார்ந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. ஜெனரேட்டர் சும்மா ஓடும்போது அதன் கரண்ட் நன்றாகத்தான் இருக்கும். இன்வெர்ட்டர் அதைப் பார்த்து 'சரி' என்று உள்ளே விடும். சார்ஜர் ஒரே இழுப்பாக இழுத்ததும் வோல்டேஜ் விழும். 'இது சரியில்லை' என்று இன்வெர்ட்டர் துண்டித்துவிடும். இழுப்பு நின்றதும் ஜெனரேட்டர் மறுபடி நிமிரும். மறுபடி உள்ளே விடும். பேட்டரிக்கும் இந்தச் சத்தத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. காரணத்தை வெளியிலிருந்து உள்ளே, ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

முதலில் ஒயர். சத்தத்துக்குப் பயந்து ஜெனரேட்டரை வீட்டிலிருந்து 60 மீட்டர் தள்ளி வைத்திருந்தேன். இழுத்திருந்தது 1 சதுர மில்லிமீட்டர் ஒயர். போக வர 120 மீட்டர் செம்புக்கம்பியில் 2 ஓமுக்கு மேல் தடை இருக்கும். 8 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 17 வோல்ட் காணாமல் போகும். ஜெனரேட்டர் முனையில் 200 காட்டிய மீட்டர், இன்வெர்ட்டர் முனையில் 183 காட்டியது. ஜெனரேட்டரைப் பக்கத்தில் கொண்டு வாருங்கள், இல்லையென்றால் தடிமனான ஒயர் போடுங்கள். நான் 4 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு மாற்றினேன். இழப்பு கால் பங்காகக் குறைந்தது.

அடுத்தது இன்வெர்ட்டரின் சுவிட்ச். பல வீட்டு இன்வெர்ட்டர்களின் முதுகில் 'யு.பி.எஸ்.', 'நார்மல்' என்று இரண்டு நிலை இருக்கும். யு.பி.எஸ். நிலையில் ஏறத்தாழ 180 முதல் 260 வோல்ட் வரைதான் ஏற்கும். நார்மலில் 100 முதல் 290 வரை தாங்கும். எங்களுடையது யு.பி.எஸ்-ஸில் இருந்தது. சார்ஜர் இழுக்கும் அந்த நொடியில் 183 என்பது 180-க்குக் கீழே போய்விட்டது, அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை: நார்மலில் வைத்தால் அந்த ஏற்ற இறக்கமான வோல்டேஜ்தான் ஃப்ரிட்ஜுக்கும் டிவிக்கும் போகும். ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் அவற்றை அணைத்துவிடுங்கள்.

சோலார் இன்வெர்ட்டரில் இன்னொரு செட்டிங்கும் உண்டு. 'சோலாருக்கு முன்னுரிமை' என்று வைத்திருந்தால் சில மாடல்கள் மெயின்ஸிலிருந்து பேட்டரியை ஏற்றவே மாட்டா. வீட்டு லோடை மட்டும் ஜெனரேட்டரில் ஓட்டிவிட்டு பேட்டரியைப் பட்டினி போடும். கையேட்டைப் பார்த்து, மெயின்ஸ் சார்ஜிங் திறந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இது ஒரு பைசா செலவில்லாத ரிப்பேர்.

மூன்றாவது ஹெர்ட்ஸ். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். நம்மிடம் இருப்பது போன்ற சின்ன ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால்தான் 50 வரும். லோடு இல்லாதபோது 52, 53 இருப்பது சகஜம். லோடு ஏறியதும் 50-க்கு இறங்கும். வோல்டேஜ் குறைகிறது என்று யாராவது கவர்னர் திருகை முறுக்கி வேகத்தைக் கூட்டியிருந்தால் ஹெர்ட்ஸ் எகிறிவிடும். வோல்ட் சரியாக இருந்தும் இன்வெர்ட்டர் மறுத்தால் இதைச் சந்தேகப்படுங்கள். ஹெர்ட்ஸ் காட்டும் மல்டிமீட்டரில் பாருங்கள். ஒரு 200 வாட்ஸ் பல்பை ஜெனரேட்டரில் எரியவிட்டுவிட்டு, பிறகு இன்வெர்ட்டரை மாட்டிப் பார்ப்பது ஒரு நல்ல சோதனை. வித்தியாசம் தெரிந்தால் எஞ்சின் மெக்கானிக்கிடம் கவர்னரைச் சரிசெய்யச் சொல்லுங்கள். நாமே திருக வேண்டாம்.

நான்காவது, ஜெனரேட்டருக்குச் சக்தி போதுமா என்பது. இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டுவதில்லை. எங்கள் சார்ஜர் 20 ஆம்பியரில் வைக்கப்பட்டிருந்தது. 56 வோல்டில் 20 ஆம்பியர் என்றால் 1,120 வாட்ஸ். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் உள்ளே 1,300 வாட்ஸாவது கொடுக்க வேண்டும். பழைய ரக சார்ஜர்களின் பவர் ஃபேக்டர் மோசம், 0.7 என்று வைத்தால் ஜெனரேட்டர் மேல் விழும் சுமை 1,850 வி.ஏ. பக்கம் போய்விடும். நம்முடையது 2 கே.வி.ஏ. அதில் ஃப்ரிட்ஜும் ஓடிக்கொண்டிருந்தால்? மூச்சு முட்டத்தான் செய்யும். சார்ஜிங் ஆம்பியரைப் 10-க்குக் குறைத்தோம். 'டிக்' சத்தம் அன்றோடு நின்றது. மெதுவாக ஏறினாலும் ஏறியது.

ஜெனரேட்டரில் '12 வோல்ட் டி.சி.' என்று ஒரு சாக்கெட் இருக்குமே, அதில் மாட்டினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அது பெரும்பாலும் 8 ஆம்பியர் சுற்றளவுதான் கொடுக்கும், வோல்டேஜைக் கட்டுப்படுத்தாது. கார் பேட்டரிக்கு அவசரத்துக்கு ஆகும். 48 வோல்ட் பேங்குக்கு ஆகாது. அதேபோல, ஜெனரேட்டர் ஒயரைத் தப்பித் தவறிக்கூட இன்வெர்ட்டரின் அவுட்புட் பக்கம் கொடுத்துவிடாதீர்கள். இன்வெர்ட்டர் எரிந்துபோகும். இடையில் ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள், ஜெனரேட்டர் உடம்புக்கு எர்த் கொடுங்கள்.

கடைசியாகத்தான் பேட்டரி

இத்தனையும் பார்த்த பிறகுதான் பேட்டரிக்கு வர வேண்டும். மொத்த வோல்டேஜை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஜெனரேட்டரில் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு பேட்டரியிலும் தனித்தனியாக மீட்டரை வைத்தோம். மூன்று பேட்டரியில் 13.6 வோல்ட். நான்காவதில் 16.7. கூட்டினால் 57.5. சார்ஜருக்கு முழு அளவு 57.6. 'நிறைந்துவிட்டது' என்று நினைத்து அது ஆம்பியரைக் குறைத்துக்கொண்டது. ஒன்று பொய்யாகப் பொங்கியதால் மற்ற மூன்றும் பட்டினி கிடந்தன. ஜெனரேட்டரை நிறுத்தி லோடு கொடுத்துப் பார்த்தபோது அதே நான்காவது பேட்டரி 10.8-க்கு விழுந்தது, மற்றவை 12-க்கு மேல் நின்றன.

ஏறும்போது மற்றவற்றைவிட மேலே குதிப்பதும், லோடு கொடுத்தால் கீழே விழுவதும் தகட்டில் சல்பேட் படிந்த பேட்டரிக்கு அடையாளம். வெயில் வந்து நாலைந்து நாள் நன்றாக ஏறிய பிறகு ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தோம். முழுதாக ஏறிய ட்யூபுலர் பேட்டரியில் கிராவிட்டி 1240 பக்கம் இருக்க வேண்டும். மூன்றிலும் 1230 வந்தது. நான்காவதில் இரண்டு செல் 1130-ஐத் தாண்டவில்லை. அந்த ஒன்றில் தண்ணீர் குறைந்து தகடு வெளியே தெரிந்ததை நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். அது என் தவறு.

ஆக, அந்தத் தம்பி சொன்னது முழுப் பொய் இல்லை. கால் பங்கு உண்மை. நான்கில் ஒன்று போயிருந்தது. அதே கொள்ளளவில், ஏறத்தாழ அதே வயதுள்ள பழைய பேட்டரி ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினோம். பழையதோடு புத்தம் புதியதைக் கலந்தால், பழையவை புதியதையும் தங்கள் அளவுக்கு இழுத்துவிடும். மீதி முக்கால் பங்குக்காக நான் 45,000 ரூபாயைத் தூக்கிக் கொடுத்திருப்பேன். கொடுத்த பிறகும் அந்த 'டிக்' சத்தம் அப்படியேதான் இருந்திருக்கும்.

லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது அடிமட்டத்துக்கு இறங்கினால் உள்ளே இருக்கும் பாதுகாப்புப் பலகை தானாகவே துண்டித்துக்கொள்ளும். அப்போது சார்ஜருக்குப் பேட்டரி இருப்பதே தெரியாது, ஏற்ற மறுக்கும். போய்விட்டது என்று முடிவு கட்டாமல், அதை எழுப்பும் வழியைக் கையேட்டில் பாருங்கள்.

ஜெனரேட்டரை எப்போது ஓட்டுவது?

நான் ஜெனரேட்டரைச் சாயங்காலம் ஓட்டிக்கொண்டிருந்தேன். விளக்கு மங்கும்போதுதான் ஞாபகம் வரும். அது தப்பு. விடிகாலையில் ஓட்டுங்கள். அப்போதுதான் பேட்டரி மிகவும் இறங்கியிருக்கும், கொடுப்பதை முழுசாக வாங்கிக்கொள்ளும். வீட்டு லோடும் குறைவு. ஈய-அமில பேட்டரி முக்கால்வாசிக்கு மேல் போனதும் மெதுவாகத்தான் வாங்கும். கடைசி 20 சதவீதத்துக்கு மணிக்கணக்கில் ஆகும். அதற்கு பெட்ரோல் ஊற்றுவது வீண். பேட்டரி வோல்டேஜ் சார்ஜரின் உச்சத்தைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். மீதியை, மூட்டத்துக்கு நடுவே எட்டிப் பார்க்கும் வெயில் நிரப்பட்டும். நல்ல வெயில் அடிக்கும்போது ஜெனரேட்டரையும் சேர்த்து ஓட்டினால், சோலார் கண்ட்ரோலர் ஏற்றி வைத்த வோல்டேஜைப் பார்த்து ஜெனரேட்டர் சார்ஜர் ஒதுங்கிக்கொள்ளும். சத்தம் மட்டும்தான் மிச்சம்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். 10 ஆம்பியரில் மூன்று மணி நேரம் ஓட்டினால் எங்களுக்கு இரண்டரை லிட்டர் பெட்ரோல், ஏறத்தாழ 250 ரூபாய். பேட்டரிக்குள் போவது ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரு யூனிட் 150 ரூபாய் பக்கம் வருகிறது. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால் இது மீட்டர் வட்டிக் கடன். அவசரத்துக்கு வாங்கலாம், தேவையான அளவுக்கு மட்டும் வாங்கலாம். அதில் குடும்பம் நடத்தக் கூடாது.

"இயற்கை விவசாயி பெட்ரோல் ஜெனரேட்டர் வைக்கலாமா?" என்று நம் கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார். வைக்கலாம் என்பது என் பதில். வருடத்தில் 350 நாள் வெயிலில் ஓடுகிற பண்ணை, மீதி நாளுக்குப் பத்து இருபது லிட்டர் பெட்ரோல் ஊற்றுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தச் சில நாளைக்காக பேட்டரியை இரட்டிப்பாக்கினால் ஈயமும் அமிலமும்தான் இரட்டிப்பாகும். ஆனால் முதலில் செய்ய வேண்டியது லோடைக் குறைப்பது.

பம்பைப் பேட்டரியில் ஓட்டாதீர்கள். வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் குசும் திட்டத்தில் கொடுக்கும் சோலார் பம்புசெட்டுகளில் பேட்டரியே கிடையாது. வெயில் இருக்கும்போது நேரடியாக இறைத்துத் தொட்டியில் நிரப்பிக்கொள்ள வேண்டும். தொட்டித் தண்ணீரே சேமித்த கரண்ட். குஞ்சுகளுக்கு குண்டு பல்பை விட்டுவிட்டோம். மண்பானையில் கரித்தணல் போட்டு, காற்றோட்டம் விட்டு வைக்கிறோம். இது என் மாமியார் காலத்து வழி. பல்பு வந்ததும் மறந்துபோனது.

பாதுகாப்பிலும் கஞ்சத்தனம் வேண்டாம். மழை என்று ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, மூடிய கொட்டகைக்குள்ளோ வைத்து ஓட்டாதீர்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூக்கத்திலேயே கொன்றுவிடும். பேட்டரி ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். அந்த அறையில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பீடி கூடாது. டிஸ்டில்டு வாட்டரை ஏற்றி முடித்த பிறகு ஊற்றுங்கள். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் முன்பே மூழ்கும் அளவுக்கு ஊற்றலாம்.

நாம் கேட்க வேண்டியது

சோலார் போட்டுக் கொடுப்பவர்களிடம் நாம் ஒன்று கேட்க வேண்டும். சார்ஜிங் ஆம்பியர் எவ்வளவு வைத்திருக்கிறார்கள், முழு வோல்டேஜ் எவ்வளவு, எந்த அளவு ஜெனரேட்டர் பொருந்தும், சுவிட்ச் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை ஒரே தாளில் தமிழில் எழுதி, பேட்டரிப் பக்கத்துச் சுவரில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகே கடைசித் தவணை. கடன் கொடுக்கும் வங்கியும் அந்தத் தாளைக் கேட்கலாம். நான் நாற்காலியில் இருந்தபோது கேட்டிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன்.

இரண்டாவது, நம்மிடமே நாம் கேட்க வேண்டியது. ஒவ்வொரு குழுவிலும் பஞ்சகவ்யா டிரம் இருக்கிறது, விதைப் பானை இருக்கிறது. அதோடு ஒரு பெட்டியும் இருக்கட்டும்: ஹெர்ட்ஸ் காட்டும் ஒரு மல்டிமீட்டர், டி.சி. ஆம்பியர் அளக்கும் ஒரு டாங் டெஸ்டர், ஒரு ஹைட்ரோமீட்டர், கண்ணாடி, கையுறை. எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். பத்துப் பேர் போட்டால் ஆளுக்கு 400. மண்ணைக் கையில் எடுத்து முகர்ந்து பார்க்கக் கற்றுக்கொண்ட நமக்கு மீட்டர் பிடிக்கத் தெரியாதா? எனக்கு அறுபது தாண்டித்தான் தெரிந்தது. ஒரு மதியத்தில் கற்றுக்கொண்டேன்.

மழைக்காலம் வருவதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். ஜெனரேட்டரை அரை மணி நேரம் ஓட்டி, பேட்டரி ஏறிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு பேட்டரியின் வோல்டேஜையும் தனித்தனியாக ஒரு சீட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தச் சீட்டோடு வாருங்கள். மீட்டர் இல்லாதவர்களுக்கு எங்கள் பெட்டியைத் தருகிறோம். திருப்பிக் கொடுக்கும்போது பேட்டரி மட்டும் புதிதாகப் போட்டுக் கொடுங்கள். மீட்டருக்குள் இருக்கும் சின்ன பேட்டரியைச் சொல்கிறேன்.